உடுப்பு ஊரைக் காக்குமா?

ஊரிலே ஒரு சங்கிலி அறுக்கப்பட்டால் மறு வாரம் ஒரு கூட்டம் கூடுகிறது. தலைவர் எழுகிறார், நால்வர் பேசுகிறார்கள், முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேறுகிறது. "எங்கள் வட்டாரத்தில் போலீஸ் ரோந்தைச் சர்க்கார் அதிகப்படுத்த வேண்டும்" என்பதே அத்தீர்மானம். தேர்தல் வந்தால் அதே வாசகம் வாக்குறுதியாக உருமாறுகிறது. சில நாள் ரோந்துக் கார் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி வருகிறது. ஜனங்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இனிப் பயமில்லை" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் கழிந்ததும் கார் வருவது நின்றுபோகிறது. சங்கிலி மறுபடியும் அறுகிறது. கூட்டமும் மறுபடியும் கூடுகிறது.

இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி நாம் ஆட்டியெடுத்த எண்ணெய் எவ்வளவு? உடுப்பைக் கண்டால் கள்வன் ஓடுவான், உடுப்பைக் கண்டால் குடிகளுக்குத் தைரியம் பிறக்கும் என்பதை நாம் ஆராயாமலே நம்பிவிட்டோம். தாத்தா சொன்னார், தந்தை சொன்னார் என்று எதையும் ஏற்கலாகாது எனப் பிற விஷயங்களில் வாய் கிழியப் பேசும் நாம், இந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்காமல் விட்டது ஏன்? அன்பர்கள் சற்றே பொறுமையுடன் சிந்திப்பார்களாக.

முதற்கண் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நமது தீர்மானத்தில் இரண்டு கேள்விகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. காவலர் கண்ணில் பட்டால் குற்றம் குறையுமா என்பது ஒன்று. காவலர் கண்ணில் பட்டால் குடிகளின் அச்சம் தீருமா என்பது மற்றொன்று. குற்றம் வேறு, அச்சம் வேறு. குற்றம் குறைந்த ஊரில் அச்சம் பெருகியிருப்பதுண்டு. அச்சமற்ற வீட்டில் கன்னம் வைக்கப்படுவதுமுண்டு. மூட்டையை அவிழ்க்காமல் விலை பேசுகிறவன் ஏமாந்தே போவான்.

எதிர்க்கட்சியாரின் நியாயம்

போலீசே வேண்டாம் என்பது நமது வாதமன்று. 1829இல் இலண்டன் மாநகரில் ராபர்ட் பீல் உடுப்பணிந்த காவற்படையை ஏற்படுத்தியபோது, குற்றம் நடந்தபின் ஓடுவதைவிட நடவாமல் தடுப்பதே முதல் வேலை என்று வகுக்கப்பட்டது. அந்த எண்ணம் பழுதானதன்று. காவலரே இல்லாது போனால் என்னவாகும் என்பதையும் உலகம் கண்டிருக்கிறது. 1969 அக்டோபர் 7ஆம் நாள் கனடாவின் மொன்றியால் நகரில் போலீசார் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த ஒரு நாளிலேயே பாங்குகள் கொள்ளையிடப்பட்டன. கடைவீதியில் கண்ணாடிகள் நொறுங்கின. காவலரே இல்லாத ஊர் காடாகும் என்பதை யார் மறுப்பார்?

ஆனால், 'உப்பில்லாச் சோறு உண்ண முடியாது' என்பதிலிருந்து 'உப்பைக் கூட்டக் கூட்டச் சோறு சுவைக்கும்' என்று முடிவு கட்டலாமா? காவலர் இல்லாமை கேடு என்பதால், இருக்கிற காவலரைத் தெருவெங்கும் சுற்றவிட்டால் நன்மை பெருகும் என்று ஆகிவிடாது. அதைத் தனியே சோதித்தல் வேண்டும். சோதித்தும் இருக்கிறார்கள்.

ஓராண்டுப் பரீட்சை

அமெரிக்க நாட்டிலே கான்சாஸ் சிட்டி என்றொரு நகரம். அங்கே போலீஸ் இலாகாவினரே முன்வந்து 1972 அக்டோபர் தொடங்கி ஓராண்டு காலம் ஒரு பரீட்சை நடத்தினார்கள். நகரின் தென்பகுதியில் 15 ரோந்து வட்டாரங்களை எடுத்து, ஐந்தைந்தாக மூன்று கூறு செய்தார்கள். ஐந்து வட்டாரங்களில் ரோந்தை அடியோடு நிறுத்தினார்கள். யாரேனும் அழைத்தால் மட்டுமே கார் போகும். ஐந்தில் வழக்கம்போல் ரோந்து நடந்தது. மற்ற ஐந்தில் ரோந்து இரண்டு மூன்று மடங்காக்கப்பட்டது.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். மூன்று கூறுகளுக்குமிடையே குற்றத்தில் சொல்லத்தக்க வேற்றுமையே காணப்படவில்லை! அதனினும் வியப்பு யாதெனில், குடிகளின் அச்சத்திலும் வேற்றுமையில்லை. போலீசாரிடம் அவர்கள் கொண்ட திருப்தியிலும் வேற்றுமையில்லை. ரோந்து நின்றுபோனதையும், இரண்டு மூன்று மடங்கானதையும், அத்தெருக்களில் குடியிருந்தோர் பெரும்பாலும் உணரவேயில்லை.

காரணம் விளங்காததன்று. கார் ஒரு தெருவைக் கடக்க அரை நிமிஷம் போதும். கள்வனுக்கு அந்த அரை நிமிஷம் காத்திருக்கத் தெரியாதா? வீட்டுக்குள் நடக்கும் குற்றமும், கூட்டாளிக்குள் நடக்கும் குற்றமும், குடிவெறியில் கணநேரத்தில் நடக்கும் குற்றமும் தெருவில் போகிற காரைக் கேட்டுக்கொண்டா நடக்கின்றன?

நடந்து போன காவலர்

மற்றொரு பரீட்சை நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் 1978, 1979ஆம் ஆண்டுகளில் நடந்தது. இங்கே காரில்லை, காவலர் கால்நடையாகப் போனார்கள். கடைக்காரரோடு பேசினார்கள், மூலையில் நின்று வம்பு செய்வோரைப் பெயர் சொல்லி அதட்டினார்கள். குற்றம் குறைந்ததா? குறையவில்லை. ஆயினும் குடிகளின் அச்சம் குறைந்தது. தங்கள் தெரு முன்னைவிடப் பத்திரமானது என்று அவர்கள் நம்பினார்கள்.

இது ஏமாற்றமா, நன்மையா? இரண்டும் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். அச்சம் தானே ஒரு துன்பம். அந்திக்குப்பின் கடைக்குப் போக அஞ்சும் மூதாட்டிக்கு, திருட்டு நடவாத நாளும் திருட்டு நடந்த நாளே. அவள் வெளியே வந்து காற்று வாங்குவாளாயின் அது நன்மைதான். ஆனால் அவளுக்குத் தைரியம் தந்தது எது? உடுப்பா? கான்சாஸ் சிட்டியில் காருக்குள் இருந்ததும் அதே போலீஸ் உடுப்புத்தானே! நியூவார்க்கில் கூடுதலாக இருந்தது பழக்கம். முகம் அறிந்த ஒரு மனிதன். சொன்னால் கேட்கிற ஒரு காது. அச்சத்துக்கு மருந்து அறிமுகமேயன்றி அணிவகுப்பன்று.

எங்கே நிற்பது என்பதே கேள்வி

இனி, காவலர் கண்ணில் படுவதால் குற்றம் குறையவே குறையாதா? குறையும், ஆனால் தூவினால் குறையாது, குவித்தால் குறையும். மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, நகரத்து விலாசங்களில் நூற்றுக்கு மூன்றே விலாசங்களிலிருந்து பாதி அழைப்புகள் வந்தமை தெரிந்தது. ஒரு மதுக்கடை, ஒரு வாகன நிறுத்துமிடம், ஒரு பாழடைந்த மாடி என இப்படிச் சில இடங்களே ஊரின் பாதித் தொல்லையைச் சுமந்திருந்தன. 1988, 1989ஆம் ஆண்டுகளில் அங்கே 110 மூலைகளைப் பொறுக்கியெடுத்து, பாதியில் மட்டும் ரோந்தைக் குவித்துப் பார்த்தார்கள். குவித்த இடங்களில் தொல்லை குறைந்தது. அதுவும் நாள் முழுதும் நிற்கத் தேவையில்லை. வந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் நின்று, எதிர்பாராத வேளையில் திரும்ப வருவதே பலன் தருமென்று பின்னர் கணக்கிட்டனர்.

அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸ் நகரத்து அநுபவம் இதை இன்னும் தெளிவாக்கும். 1994 ஜூலையில் அங்கே யூதர் சங்கக் கட்டடம் ஒன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 85 பேர் மாண்டனர். பின்னர் யூதர், முஸ்லிம்கள் ஆகியோரின் ஸ்தாபனங்களுக்கு இராப்பகலாகக் காவல் போடப்பட்டது. காவலர் நின்ற தெருத்துண்டில் கார்த்திருட்டு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. அதற்கு அடுத்த தெருவில்? ஒன்றும் குறையவில்லை! காவலரின் நிழல் அவர் நின்ற இடத்திலேயே விழுந்தது. அடுத்த தெருவரை நீளவில்லை. பிலடெல்பியா நகரில் 2009 கோடையில் வன்முறை மிகுந்த 60 மூலைகளில் கால்நடைக் காவலரை நிறுத்தியபோது வன்குற்றம் நூற்றுக்கு 23 விகிதம் குறைந்தது. காவலரை எடுத்த பின்னோ, அந்தப் பலனும் கரைந்து போயிற்று.

ஆகவே, "எங்கள் வட்டாரத்துக்கு இன்னும் போலீஸ்" என்ற நமது தீர்மானம் வெறும் மழை வேண்டும் வேண்டுதல் போன்றது. எந்தப் பாத்திக்கு, எந்த வேளையில், எவ்வளவு நீர் என்று கேட்கத் தெரியாதவன் தோட்டக்காரனல்லன்.

சிங்கப்பூர் காட்டும் பாடம்

தூர தேசத்துக் கதை போதும், நம்மைச் சுற்றிப் பார்ப்போம் என்பீர்கள். சரி. சிங்கப்பூர் சர்க்கார் ஜப்பானியரின் 'கோபான்' என்னும் சிறு காவல்மனை முறையைப் பார்த்து, 1983இல் தோ பாயோவில் அக்கம்பக்கப் போலீஸ் மனைகளைத் தொடங்கிற்று. அடுக்குமாடிகளின் காலடியிலே காவலர் அமர்ந்தனர்; வீடு வீடாகப் போய்ப் பேசினர். 1997 முதல் இவற்றுக்கு மேலாகப் பெரிய அக்கம்பக்கப் போலீஸ் நிலையங்கள் எழுந்தன. 2012இல் அடுக்குமாடிகளில் போலீஸ் காமிராக்கள் மாட்டப்படலாயின. 2016க்குள் ஏறத்தாழ பத்தாயிரம் அடுக்குமாடிகளுக்கும் வாகன நிறுத்துமாடிகளுக்கும் அவை வந்துவிட்டன. நள்ளிரவில் பெண்கள் தனியே நடமாடக்கூடிய ஊர் என்று சிங்கப்பூரைப் பலரும் மெச்சுவது பொய்யன்று.

ஆயினும் கள்வன் சும்மா இருந்தானா? தெருவை விட்டான்; கைப்பேசிக்குள் புகுந்துகொண்டான். 2023இல் சிங்கப்பூரில் பதிவான மோசடி வழக்குகள் 46,563. 2024இல் அவை 51,000ஐத் தாண்டின. அவ்வாண்டில் ஜனங்கள் பறிகொடுத்த தொகை 110 கோடி வெள்ளிக்கும் மேல். இணையத்துக்கு வெளியே நேரடியாக நடந்த குற்றங்கள் யாவும் சேர்ந்தும் அவ்வாண்டில் ஏறத்தாழ இருபதாயிரமே. கீழே காவலர் நிற்கிறார். மேலே காமிரா பார்க்கிறது. நடுவிலே பன்னிரண்டாம் மாடியில், ஓய்வுபெற்ற ஒரு கிழவர் தம் ஆயுட்காலச் சேமிப்பை முகமறியாத ஒருவனுக்குத் தம் விரலாலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறார்! இந்தக் கள்வனுக்கு எந்த உடுப்பைக் காட்டுவது? எந்த விளக்கைச் சுழற்றுவது?

காவலரைக் கண்ணால் காண்பதே பாதுகாப்பு என்று பழகிய மனம், காணாத ஆபத்தை ஆபத்தென்றே எண்ணுவதில்லை. கண்ணில் படும் காவலை மட்டுமே நம்புவதன் தீங்கு இதுவே.

யாருக்கு ஆறுதல்?

இப்பொழுது மலேசியத் தோட்டங்களுக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறியோர் குடியேறிய மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வருவோம். இங்கேதான் நமது கேள்வி கசக்கத் தொடங்குகிறது. காவலரைக் கண்டால் குடிகளுக்குத் தைரியம் பிறக்கும் என்கிறார்களே, எந்தக் குடிகளுக்கு?

தோட்டத் தமிழனுக்கு அந்நாளில் உடுப்பு எதை நினைவூட்டியது? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுதல், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் இழிவை ஒழித்தல். இதற்குக் கிடைத்த மறுமொழி போலீசும் பட்டாளமும். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அன்று தோட்டத்துக்குள் போலீஸ் மிக நன்றாகவே கண்ணில் பட்டது! ஆறுதல் பெற்றவர் துரைமார்.

அது பழங்கதை என்று தள்ளுவோருக்கு அண்மைக் கதை ஒன்று. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் இருந்தோர் நாற்பதாயிரத்துக்கு மேல் என்றும், பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் அது சொல்லிற்று. நம் நெஞ்சைச் சுட வேண்டிய கணக்கு. ஆனால் அக்கணக்கின் பலன் யாது? கும்பலில் சேராத இளைஞனும் தன் நிறத்தினாலேயே சந்தேகத்துக்குள்ளானான். அடுக்குமாடிக்குக் கீழே ரோந்துக் கார் வந்து நின்றால், மேல்மாடித் தாய் "கள்வன் அகப்படுவான்" என்று மகிழ்கிறாளா, "என் மகன் எங்கே போனான்" என்று பதறுகிறாளா? அவள் பதறுவாளாயின், அங்கே போலீசைக் கூட்டுவது அச்சத்தைக் கூட்டுவதேயாம். அஞ்சுகிறவள் சாட்சி சொல்ல வரமாட்டாள். சாட்சியில்லாத ஊரில் நூறு கார் சுற்றினும் ஒரு கும்பல் தலைவன் தண்டனை பெறான்.

இதைச் சொல்வது நாம் மட்டுமல்லோம். முன்னாள் தலைமை நீதிபதி முகமது சைடின் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணைக்குழு, 2005இல் போலீஸ் இலாகாவைச் சீர்படுத்த 125 பரிந்துரைகளை அளித்தது. போலீசார் மீதான புகார்களை விசாரித்து நடவடிக்கை எடுக்கச் சுயாதீனமான ஓர் ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. ஆண்டுகள் ஓடின. 2022இல் ஒரு சட்டம் பிறந்தது; 2023 ஜூலையில் அமலுக்கும் வந்தது. ஆனால் அந்த ஆணையம் குற்றம் கண்டால் தானே தண்டிக்க இயலாது. வேறோர் ஆணையத்துக்கு எழுதி அனுப்பலாம், அவ்வளவே. தடுப்புக் காவலில் இருப்போர் மாளும் செய்தி வரும்போதெல்லாம் நம் சமூகம் துடிக்கிறது. ஆனால் தீர்மானம் எழுதும்போது மட்டும் ரோந்துக் காரைக் கேட்கிறோமேயன்றி, இந்த ஆணையத்துக்குப் பல்லைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

சிலப்பதிகாரம் படித்தோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். மதுரையில் காவலுக்குக் குறைவிருந்ததா? ஊர்க்காப்பாளர் இருந்தனர், அரசன் சொல் பிறந்த மாத்திரத்திலே கோவலன் இருந்த இடத்துக்கு ஓடியும் வந்தனர். அவர்களில், இவன் கள்வன் போல் தோன்றவில்லையே என்று தயங்கியோரும் இருந்தனர். ஆயினும் கோவலன் வெட்டுண்டான். காவல் இல்லாக் குறையால் மாண்டானல்லன். விசாரணை இல்லாக் குறையால் மாண்டான். பொற்கொல்லன் சொல்லைச் சோதிக்க ஒரு நாழிகை எடுத்திருந்தால் மதுரை எரிந்திராது. விசாரிக்கத் தெரியாத காவல் வாளேந்திய அறியாமையே.

சுவருக்குள் நடப்பவை

இன்னொன்று. நம் குடும்பங்களைத் தின்னும் குற்றங்களில் எத்தனை தெருவில் நடக்கின்றன? சம்சு வெறியில் மனைவியை அடிப்பவன் வீட்டுக்குள்ளே அடிக்கிறான். கொடுவட்டிக்காரன் வாங்கும் கையெழுத்து கதவுக்குப் பின்னே வாங்கப்படுகிறது. சிறுபிள்ளையைக் கெடுப்பவன் பெரும்பாலும் தெரிந்தவனே, உறவினனே. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலேயே நிறைவேறியது. சட்டம் இருந்தும், கன்றிய முகத்தோடு நிலையத்துக்கு வருகிற பெண்ணை "இது குடும்ப விஷயம், சமாதானமாய்ப் போங்கள்" என்று ஓர் அதிகாரி திருப்பியனுப்பினால், அந்த ஒரு வாக்கியம் நூறு ரோந்துகளின் பலனை அழித்துவிடும். அவள் இனி வரமாட்டாள். அவளைக் கண்ட அண்டை வீட்டாளும் வரமாட்டாள். புகார் குறையும். புகார் குறைந்ததைக் குற்றம் குறைந்ததென்று கணக்கெழுதிப் பெருமை பேசவும் ஆளுண்டு.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே சங்கத் தலைவர்களுக்கும் தோட்ட, நகரத் தோழர்களுக்கும் சொல்லுகிறோம்: பழைய தீர்மானத்தைக் கிழித்தெறியுங்கள், புதிதாக எழுதுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் எந்த மூலையில், எந்த வேளையில் தொல்லை மிகுதி என்று நாங்களே குறித்துத் தருகிறோம்; அங்கே, அவ்வேளையில் வாருங்கள் என்று கேளுங்கள். காரில் வந்து போகாமல் இறங்கி நடக்கும் காவலரை, ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றாமல், முகம் பழகும்வரை வைத்திருங்கள் என்று கேளுங்கள். எங்கள் பாஷை அறிந்தவர் நிலையத்தில் இருக்கட்டும் என்று கேளுங்கள். கொடுத்த புகார் என்னவாயிற்று என்பதற்கு இத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். குடிகளின் ஆறுதலுக்கு அந்தப் பதிலைவிடப் பெரிய மருந்தில்லை. காவலில் வைக்கப்பட்டவன் உயிரோடும் உடல் நலத்தோடும் திரும்ப வேண்டும், தவறினால் அதிகாரமுள்ள சுயாதீன ஆணையம் விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேட்பது மட்டும் போதாது. கும்பல் தலைவன் செத்தால் கொடிபிடித்து ஊர்வலம் போகிற வெட்கக்கேட்டை யார் நிறுத்துவது? போலீசா? அவன் பணத்தில் திருவிழா நடத்திவிட்டு மறுநாள் "குண்டர் தொல்லை" என்று மனுக் கொடுக்கும் சங்கங்களை யார் திருத்துவது? பள்ளியை விட்டு நின்ற பையனைக் கும்பல் கண்டுபிடிக்கும் முன்பே நாம் கண்டுபிடிக்கக் கூடாதா? தெருவில் காவல் குறைந்ததால் பிள்ளை கெட்டதில்லை. வீட்டிலும் ஊரிலும் அவனைக் கவனிக்க ஆளில்லாததால் கெட்டான்.

மலாய்மொழியில் போலீசாரைப் பழங்காலந்தொட்டு 'மாத்தா மாத்தா' என்பார்கள். தோட்டத்திலே நாமும் 'மாத்தா' என்றே சொல்லிப் பழகினோம். மாத்தா என்றால் கண். வள்ளுவரும் அரசனுக்குக் கண்ணாக ஒற்றரை வைத்துத் தனி அதிகாரமே வகுத்தார். ஒற்றரோ வெளியே தெரியாமல் உழைப்பவர். இருவேறு மொழியாரும் காவலைக் கண்ணென்று சொன்னதன் கருத்து, கண் பார்க்க வேண்டும் என்பதேயன்றி, கண்ணை எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதன்று. மை தீட்டிய குருட்டுக் கண்ணால் முகத்துக்கு அழகுண்டு, வழி தெரியாது. நமக்கு வேண்டியது பார்க்கும் கண். பார்த்ததை விசாரிக்கும் அறிவு. விசாரித்ததற்குப் பதில் சொல்லும் நேர்மை. இம்மூன்றும் உள்ள காவலர் ஒருவர் நடந்து வந்தால் போதும், ஊர் உறங்கும். இவை இல்லாத காவலர் ஆயிரம் பேர் அணிவகுத்தாலும், உறங்குவது நீதி ஒன்றே.